அரிவாள்மணையில் காய் நறுக்கப் பழகுவது: வாங்குவதிலிருந்து கூர் தீட்டுவது வரை

அரிவாள்மணையில் அலகு அசையாது. காயும் கையும்தான் அசையும். கத்தியில் பழகியவர்கள் இதில் உட்காரும்போது தடுமாறுவதெல்லாம் இந்த இடத்தில்தான். கத்தியென்றால் ஒரு கை காயைப் பிடிக்கும், மறு கை வெட்டும். இங்கே இரண்டு கையும் காயைப் பிடிக்கும், கருவியைப் பிடித்துக்கொள்வது கால். இது உடம்பில் பதிவதற்குள் அவசரப்பட்டு வெங்காயத்தை எடுத்தால், முதல் வாரமே கட்டைவிரலில் துணி சுற்ற வேண்டி வரும்.

முப்பது வருடத்துக்கும் மேலாக நான் தினமும் இதில்தான் நறுக்குகிறேன். மகள், தங்கை மகள், பக்கத்து வீட்டுப் பெண், வேலைக்குப் போய்த் தனியாகச் சமைக்கத் தொடங்கிய அண்ணன் மகன் என்று ஐந்தாறு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய அதே தவறுகளைத்தான் செய்தார்கள். அவற்றை மனதில் வைத்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இதை அருவாமனை என்றோ அரிவாமணை என்றோ சொல்லலாம். பொருள் ஒன்றுதான்.

1. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடைக்குப் போனதும் எல்லோரும் அலகைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மணையை. மணை தரையில் முழுதாகப் படிய வேண்டும். தரையில் வைத்து ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள். எதிர் மூலை மேலே எழும்பினால் அதை எடுக்காதீர்கள். நறுக்கும்போது அந்த ஆட்டம் முழுதும் அலகின் நுனிக்குப் போய்ச் சேரும்.

அடுத்து, அலகும் மணையும் சேருகிற இடம். மரமணை என்றால் அலகின் அடிவால் பலகையைத் துளைத்து மறுபக்கம் வந்து மடக்கி அடிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பட்டை வைத்து ஆணி இறுக்கியிருக்க வேண்டும். அலகின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். இம்மி அசைந்தாலும் வேண்டாம். இரும்பு மணையில் மடக்கும் வகை என்றால், திருகை இறுக்கிய பிறகு இதே சோதனையைச் செய்யுங்கள்.

மணையின் நீளம் பாதம் நன்றாகப் பதிகிற அளவுக்கு இருக்க வேண்டும். ஒன்றரைச் சாண் நீளமும் நான்கு விரற்கடைக்குக் குறையாத அகலமும் இருந்தால் போதும். அலகு ஒரு சாண் உயரம் இருந்தால் பூசணிக்கும் சரி, பீன்ஸுக்கும் சரி. அழகுக்காக விற்கும் சின்ன அரிவாள்மணைகளில் கால் வைக்கவே இடம் இருக்காது. புதிதாகப் பழகுபவர்கள் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

அலகு எந்த உலோகம் என்ற கேள்விக்கு என் பதில் இது. தினமும் சமைக்கிற வீட்டுக்குப் பட்டறையில் அடித்த இரும்பு அலகு. வாரத்தில் இரண்டு நாள் சமைப்பவர்களுக்கு எவர்சில்வர் அலகு. பட்டறை அலகு, குறிப்பாக லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, கூரை வெகுநாள் தாங்கும். மழுங்கினாலும் வீட்டுக் கல்லிலேயே திரும்பக் கூராகும். ஆனால் ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். எவர்சில்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை மலிந்த மெல்லிய தகடுகளில் கூர் சீக்கிரம் போய்விடுகிறது, திரும்பக் கொண்டுவருவதும் பெரும்பாடு.

நுனியில் தேங்காய்த் துருவல் பல் உள்ளதையே வாங்குங்கள். பல் ஒழுங்காக அரம் போட்டதாக, எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

2. புதிய அலகை முதல் நாள் தயார் செய்வது

கடையிலிருந்து வரும் அலகில் மிஷின் எண்ணெயோ கறுப்புப் பூச்சோ இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு, தேங்காய் நாரால் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பு நோக்கித் தேய்த்துக் கழுவுங்கள். நாரை விளிம்பின் நீளவாக்கில் ஓட்டக் கூடாது. நார் வெட்டுப்பட்டுக் கை உள்ளே போய்விடும். மரமணையைத் தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது. மரம் ஊதிப் பிறகு காயும்போது அலகு பிடி தளரும்.

கழுவியதும் துணியால் ஒற்றி உலர்த்தி, கல்லில் பக்கத்துக்குப் பத்து இழுப்பு தீட்டுங்கள். விதம் 10-ஆம் பகுதியில் இருக்கிறது. புதிது கூராகத்தானே இருக்கும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பட்டறை மிஷினில் தீட்டியதில் விளிம்பில் பிசிறு நிற்கும். அது காயை அறுக்காது, கிழிக்கும். உங்கள் கையையும் அப்படித்தான்.

அப்புறம் இரண்டு உருளைக்கிழங்கை நறுக்கித் தூக்கிப் போட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் கறுப்பு அதில் வந்துவிடும். கடைசியாக ஒரு சொட்டு நல்லெண்ணெய் அலகு முழுதும் தடவி வைத்தால் மறுநாள் சமையலுக்குத் தயார்.

3. உட்காரும் முன் பக்கத்தில் எடுத்து வைப்பது

இதை ஒரு தனிப் படியாகவே நான் சொல்லிக் கொடுக்கிறேன். நான் பார்த்த காயங்களில் பாதி நறுக்கும்போது ஏற்பட்டவை அல்ல. நடுவில் எழுந்தபோது ஏற்பட்டவை. அடுப்பில் பால் பொங்குகிறது, கதவு தட்டுகிறார்கள் என்று அலகை நிறுத்தியபடியே எழுந்திருக்கும்போது புடவையோ சுடிதார் துப்பட்டாவோ மாட்டிக்கொள்கிறது, கால் இடறுகிறது.

ஆகவே எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அலகுக்குக் கீழே ஓர் அகலத் தட்டு. இடது பக்கம் தண்ணீர் ஊற்றிய பாத்திரம். வலது பக்கம் கழுவி வடிகட்டிய காய்கள். தோலுக்கும் காம்புக்கும் ஒரு கிண்ணம். கை துடைக்கக் காய்ந்த பருத்தித் துணி. ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய். கொதிப்பது எதுவாக இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

நடுவில் எழுந்தே ஆக வேண்டுமென்றால், முதலில் அரிவாள்மணையைப் பக்கவாட்டில் சாய்த்து அலகைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். பிறகு எழுந்திருங்கள்.

4. உட்காரும் முறை

ஈரமில்லாத தரை வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையென்றால் மணைக்குக் கீழே பழைய கோணித் துண்டோ ரப்பர் விரிப்போ போடுங்கள்.

இடது காலை மடக்கிச் சம்மணத்தில் வைத்து, வலது முழங்காலைத் தூக்கி, வலது பாதத்தால் மணையின் உங்கள் பக்க முனையை அழுத்துங்கள். அலகு மணையின் மறுகோடியில் எழும்பி நிற்கும், அதன் கூர்ப்பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். இதைக் கண்டுதான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். ஆனால் காயை எப்போதும் நம்மைவிட்டு வெளியே தள்ளித்தான் நறுக்குகிறோம். கை வழுக்கினாலும் போவது எதிர்ப்பக்கம்தான், நம் மேல் இல்லை. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கால்களை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

பாதத்தை அழுத்திய பிறகு அலகின் முதுகை இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள். மணை நகரக் கூடாது. நகர்ந்தால் பாதம் ஓரமாகப் பதிந்திருக்கிறது என்று பொருள். உள்ளங்கால் முழுதும் பலகையில் பதிய வேண்டும். குதிகாலை மட்டும் வைப்பவர்களுக்குப் பாதி நறுக்கலிலேயே மணை திரும்பிவிடும்.

அலகு உங்கள் உடம்பின் நடுக்கோட்டுக்கு நேரே இருக்கட்டும். பக்கத்தில் தள்ளி இருந்தால் ஒரு தோள் மட்டும் உழைக்கும். அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கிறது என்பவர்களை நான் முதலில் கேட்பது இதைத்தான்.

முழங்கால் மடங்காதவர்கள் தரையில் வைக்கும் அரிவாள்மணையைச் சமையல் மேடையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு நறுக்குவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கால் செய்கிற வேலையைக் கை செய்ய முடியாது. மேடை விளிம்பில் திருகி இறுக்கும் வகை கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

5. கை எங்கே இருக்க வேண்டும்

வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

அலகை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். வலது கை சுவருக்கு வலப்பக்கம், இடது கை இடப்பக்கம். வலது கை காயின் பெரிய பாகத்தைப் பிடித்திருக்கும். இடது கை விரல்கள் வெட்டுப்பட்டு விழப்போகும் பாகத்தை லேசாகத் தாங்கும். இரண்டு கையும் சேர்ந்து காயை அலகுக்குள் தள்ள, துண்டு தட்டில் விழும். எந்த விரலும் அலகின் கோட்டுக்கு நேரே, காய்க்குப் பின்னால் இருக்கக் கூடாது.

புதியவர்களின் கட்டைவிரல் தானாகவே காய்க்குப் பின்னால் போய்விடும். தள்ளுவதற்கு அதுதான் வாகாகத் தோன்றும். காய் முழுதாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. காய் அறுந்து முடிகிற கணத்தில் அலகு நேரே கட்டைவிரலுக்கு வரும். தங்கை மகள் இரண்டு முறை வெட்டிக்கொண்டதும் இப்படித்தான். பிறகு அவளுக்கு ஒரு வழி சொன்னேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காயின் இரு பக்கங்களைக் கவ்வட்டும், பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஒரு வாரம் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நறுக்கினாள். கை பழகிவிட்டது.

அலகின் எந்த இடத்தில் நறுக்குவது என்பதும் முக்கியம். அடிப்பாகத்தில் பலம் அதிகம், நடுவில் ஓட்டம் அதிகம். கடினமான காய்க்கு அடிப்பாகம். பீன்ஸ், வெங்காயம், கீரைக்கு நடுப்பாகம். நுனியை நறுக்கப் பயன்படுத்த வேண்டாம். அங்கே வைத்து அழுத்தினால் மணையே முன்னால் கவிழப் பார்க்கும்.

காயை நேராக அழுத்தாமல், அலகில் வைத்துக் கீழிருந்து மேலாகவோ மேலிருந்து கீழாகவோ லேசாக இழைத்தபடி தள்ளுங்கள். அழுத்தினால் தக்காளி நசுங்கும், இழைத்தால் அறுபடும். எங்கேயாவது பலம் கொடுக்க வேண்டி வந்தால் நிறுத்துங்கள். கூர் மழுங்கியிருக்கிறது, அல்லது துண்டு பெரிதாக இருக்கிறது.

கடைசித் துண்டு. கேரட்டின் அடி, வெங்காயத்தின் வேர்ப்பக்கம். விரலுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குக் குறைவாகிவிட்டால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிடுங்கள். சாம்பாரில் போட்டால் வெந்துவிடும்.

6. எந்தக் காயில் தொடங்கிப் பழகுவது

முதல் மூன்று நாள் வெள்ளரிக்காய் அல்லது புடலங்காய். நீளமானது, மெத்தென்றது, கைப்பிடிக்கு இடம் உண்டு. வட்டம் வட்டமாக நறுக்குங்கள். எல்லா வட்டமும் ஒரே கனத்தில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வேகம் இப்போது வேண்டாம்.

அடுத்து உருளைக்கிழங்கு. முதலில் இரண்டாக வகிர்ந்து, தட்டையான பக்கம் உள்ளங்கையில் படும்படி பிடித்து நறுக்கினால் உருளாது. உருண்டையாகவே பிடித்து நறுக்குவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு. வகிர்தலை இதில் பழகிக்கொண்டால் கத்திரிக்காய், வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் அது உதவும்.

இரண்டாவது வாரம் பீன்ஸும் கொத்தவரையும். நார் எடுத்து, நுனிகளைத் தரையில் தட்டிச் சமமாக்கி, நான்கு நான்காகச் சேர்த்துப் பிடித்துப் பொரியலுக்குப் பொடியாக நறுக்குங்கள். கை பழகியபின் எட்டு, பத்து என்று கூட்டலாம். வெங்காயத்துக்கு மூன்றாவது வாரம் வந்தால் போதும். கண் எரியும்போது கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது புதியவர்களுக்கு ஆபத்து.

பூசணி, பரங்கி, சேனை, பலா இவற்றைக் கடைசிக்கு வையுங்கள். உண்மையில் பெரிய காயை வகிர அரிவாள்மணை மிக வசதியானது. இரண்டு கையின் பலமும் உடம்பின் பாரமும் சேரும். ஆனால் மணை நகராமல் கால் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

7. ஒரு நாள் சமையலில் எதை முதலில் நறுக்குவது

பழகியவர்கள்கூட இதில் கவனக்குறைவாக இருக்கிறார்கள். வரிசை சரியாக இருந்தால் நடுவில் ஒரு முறைகூட அலகைக் கழுவ வேண்டியதில்லை.

முதலில் தேங்காய் துருவுங்கள். வெங்காயம் நறுக்கிய கையால் துருவினால் சட்னியில் அந்த வாசனை வரும்.

இரண்டாவது வெண்டைக்காய். அலகில் ஈரம் இருக்கவே கூடாது. தண்ணீர் பட்டால் வெண்டையின் கொழகொழப்பு பெருகி, வாணலியில் எவ்வளவு வதக்கினாலும் போகாது. கழுவி, துணியில் ஒவ்வொன்றாகத் துடைத்து, காற்றாட விட்ட பிறகு நறுக்குங்கள்.

அதன்பின் பீன்ஸ், கேரட், கோஸ் மாதிரியான சாதுவான காய்கள். அடுத்து கீரை. அடுத்து வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய். பச்சை மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் விரலில் எரிச்சல் இருந்தால் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கடைசியில் தக்காளி, மாங்காய், எலுமிச்சை. புளிப்பு இரும்பைத் தின்னும். மாங்காய் நறுக்கிய அலகைப் பத்து நிமிடம் அப்படியே விட்டாலே கறுத்துவிடும். வாழைக்காய், வாழைப்பூ, பலாக்காய் போன்ற கறையுள்ளவை அன்றைக்கு இருந்தால் அவற்றுக்குப் பிறகு வேறெதுவும் நறுக்காதீர்கள்.

மீனும் கறியும் இதே அரிவாள்மணையில் வேண்டாம். அவற்றுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மரமணையின் இடுக்கில் போன கசிவு எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது.

8. தனிக் கவனம் கேட்கும் காய்கள்

வெங்காயம்: தலைப்பக்கத்திலிருந்து வேர் வரை வகிர்ந்து, தோலுரித்து, வேரைக் கடைசிவரை விட்டுவைத்து நறுக்குங்கள். இதழ்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது வேர்தான். அதை முதலில் வெட்டினால் கையில் உதிர்ந்துவிடும். கூரான அலகில் கண்ணெரிச்சல் குறையும். மழுங்கிய அலகு நறுக்குவதைவிட நசுக்குவதால் எரிச்சல் தரும் சாறு அதிகம் வெளியேறுகிறது.

கத்திரிக்காய், வாழைக்காய்: நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள். காற்றுப் பட்டாலே கறுக்கும். இரும்பு அலகும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். வாழைக்காய்க்கு முன் அலகிலும் விரலிலும் எண்ணெய் தடவினால் பால் ஒட்டாது.

வாழைப்பூ: ஒவ்வொரு பூவுக்குள்ளும் தீக்குச்சி போல நிற்கும் கள்ளனையும் கண்ணாடி போன்ற சின்ன இதழையும் முதலில் ஆய்ந்துவிட வேண்டும். அவை வேகாது. பூக்களைத் தலை சமமாக அடுக்கி, ஒரு பிடியாகச் சேர்த்துப் பொடியாக நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். ஆய்வதற்கே அரை மணி ஆகும். முதல் நாளே ஆய்ந்து வைத்தால் கறுத்துவிடும் என்பதால் அன்றைக்கே செய்ய வேண்டியதுதான்.

வாழைத்தண்டு: வெளிப்பட்டையை உரித்து மெல்லிய வட்டமாக நறுக்குங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவே நூல் வரும். இடது ஆள்காட்டி விரலில் அதைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டே போக வேண்டும். இதைக் கத்தியில் செய்தால் ஒவ்வொரு வட்டத்துக்கும் கத்தியைக் கீழே வைத்து எடுக்க வேண்டும். அரிவாள்மணையில் விரல் நூலைச் சுற்றியபடியே அடுத்த வட்டத்துக்குப் போய்விடும். நான் வேறு கருவிக்கு மாறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சேனைக்கிழங்கு: இதைக் கழுவி, மண்ணைப் போக்கி, நன்றாக உலர்த்திய பிறகே தோல் சீவுங்கள். அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் அரிப்புக்குக் காரணம். ஈரக் கையில் அரிப்பு கூடும். கையில் எண்ணெய் பூசி நறுக்கி, துண்டுகளைப் பிறகு கழுவலாம்.

கீரை: ஆய்ந்து, கழுவி, நீரை உதறி வடியவிட்டு, அதன்பின் நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவினால் தண்ணீரில் கரையும் சத்துகள் போய்விடும். ஒரு கைப்பிடியை இறுக்கிச் சுருட்டி அலகின் நடுப்பாகத்தில் கொடுத்தால் நூல் நூலாக விழும். பிடி தளர்ந்தால் கீரை அலகைச் சுற்றிக்கொள்ளும். அப்போது விரலால் உருவாதீர்கள், முதுகுப் பக்கமாக இழுத்து எடுங்கள்.

9. தேங்காய் துருவுதல்

தேங்காயை அரிவாள்மணை அலகில் அடித்து உடைக்கக் கூடாது. அலகு பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும். வெட்டரிவாளின் முதுகாலோ கல்லிலோ உடைத்து எடுத்து வாருங்கள்.

நுனிப் பல்லில் மூடியைக் கவிழ்த்து, இரண்டு உள்ளங்கையும் ஓட்டின் மேல் படியப் பிடியுங்கள். விரல் நுனிகள் மூடியின் விளிம்பைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. நான் விளிம்பில் தொடங்கி உள்ளே போவேன். நடுவை முதலில் துருவினால் விளிம்பு மெல்லிய வரம்பாக நின்று சில்லுச் சில்லாகப் பெயரும். குட்டையான இழுப்பாக, மூடியைச் சுற்றிக்கொண்டே துருவுங்கள். பழுப்புத் தோல் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். அதையும் சேர்த்துத் துருவினால் சட்னியின் நிறம் கெடும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மூடி இறுகியிருக்கும். கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் துருவினால் பூவாக உதிரும்.

10. கழுவுவது, வைப்பது, கூர் தீட்டுவது

நறுக்கி முடித்ததும் கழுவுங்கள், சாப்பிட்ட பிறகு என்று தள்ளிப் போடாதீர்கள். ஈரத்துணியால் முதுகிலிருந்து விளிம்புக்கு வழித்து, தண்ணீர் விட்டு அலசி, காய்ந்த துணியால் அதே திசையில் துடைக்க வேண்டும். பல் இடுக்குகளில் தேங்காய் தங்கினால் பழைய பல்துலக்கி போதும். இரும்பு அலகுக்கு இரவில் ஒரு சொட்டு எண்ணெய். லேசான துரு வந்தால் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் போய்விடும். உடனே கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிவிடுங்கள். நாளானதில் அலகு மங்கிய சாம்பல் நிறமாகும். அது துரு இல்லை, அதைச் சுரண்டிப் பளபளப்பாக்க வேண்டாம்.

வைக்கும்போது எப்போதும் படுக்க வைத்து, அலகு சுவரைப் பார்க்க வையுங்கள். நட்டமாக நிறுத்தி வைத்த அரிவாள்மணை பக்கத்தில் யாரும் நடக்கவே எங்கள் பாட்டி விடமாட்டார். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் வைக்கவே கூடாது; கதவுள்ள அலமாரிதான் சரி. தோட்டத்துக் குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி, நீளவாக்கில் கீறி அலகுக்கு உறையாகப் போட்டிருக்கிறேன். காசில்லாத காரியம், மிகவும் உதவுகிறது.

இனி கூர். கத்தியைக் கல்லுக்குக் கொண்டுபோகலாம், அரிவாள்மணைக்குக் கல்லைத்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இல்லாத கல் வாங்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ளது நல்லது. அகலக் கல்லின் மூலைகள் அலகின் வளைவில் இடித்துப் பள்ளம் போடும்.

நறுக்குவதற்கு உட்காருவது போலவே உட்கார்ந்து மணையைக் காலால் அழுத்துங்கள். கல்லை நனைத்து அலகின் பக்கத்தில் தட்டையாக வைத்து, முதுகுப் பக்கத்து ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். சுமார் 20 டிகிரி இருந்தால் போதும். அடியிலிருந்து நுனி வரை ஒரே சாய்வில், விளிம்பிலிருந்து விலகுகிற திசையில் இழுங்கள். கல்லைப் பிடிக்கும் விரல் கல்லின் ஓரத்தைத் தாண்டி நீளக் கூடாது. பத்து இழுப்புக்குப் பின் மறுபக்கத்தை விரலால் குறுக்கே தடவிப் பாருங்கள். நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள். மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் அந்தப் பக்கம் முடிந்தது, அடுத்த பக்கத்துக்குப் போங்கள். இரண்டு பக்கமும் ஆனதும் நைஸ் கல்லில் மாற்றி மாற்றி ஐந்தைந்து இழுப்பு. பிறகு பழைய தோல் பெல்ட்டில் அலகு நீளத்துக்குச் சில தடவை வழித்தால் பிசிறு போய்விடும்.

பழுத்த தக்காளியை வைத்துப் பாருங்கள். தோல் அழுத்தாமல் விடுபட்டால் கூர் வந்துவிட்டது. வாரம் ஒரு முறை நைஸ் கல்லில் ஐந்து இழுப்பு கொடுத்து வந்தால் சொரசொரப்புப் பக்கத்துக்கு மாதக்கணக்கில் வேலை இராது.

தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுக்கலாம். பக்கத்தில் நின்று, அலகை அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலமாக மாறினால் சூடு 300 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் இரும்பின் கடினம் குறைந்து, எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஒரு முறை நான் உள்ளே போய்விட்டு வருவதற்குள் என் அலகின் நடுப்பாகம் அப்படி ஆகிவிட்டது. அந்த நீலப் பகுதி தேய்ந்து போகும்வரை ஒரு வருடம் அடிப்பாகத்திலேயே நறுக்கினேன்.

துருவல் பல் மழுங்கினால் முக்கோண அரத்தால் ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு இழுப்பு.

11. வெட்டுப்பட்டால்

காயத்தைக் குழாய் நீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்தால் உறைகிற ரத்தம் கலைந்துவிடும். மஞ்சளும் காப்பித்தூளும் அப்ப வேண்டாம், காயத்தைப் பார்க்கிற மருத்துவருக்கு அது இடைஞ்சல்தான். ரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ, விரல் மரத்தாலோ மடங்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், அந்தத் தேதியை நினைவில் வைத்திருங்கள்.

12. மணை ஆடத் தொடங்கினால்

கோடையில் மரம் காய்ந்து சுருங்கும்போது அலகின் அடி தளரும். நறுக்கும்போது மெல்லிய 'கிட்' சத்தம் கேட்டால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இடைவெளி சின்னதாக இருந்தால் மூங்கிலைச் சீவி ஆப்பாக்கி, அடிப்பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து இறக்கலாம். அலகுக்கு உறை போட்டுவிட்டுத்தான் மணையைத் திருப்ப வேண்டும். பலகையே விரிந்திருந்தால் ஆப்பு அதை இன்னும் பிளக்கும். அப்போது அலகை மட்டும் கழற்றி எடுத்துப் போய்ப் பட்டறையில் புதிய பலகை போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது பயன்படுத்தும் அலகு மூன்றாவது பலகையில் இருக்கிறது.